என் மகள் எழுதிய இந்தியாக்காரி

1

ஊரிலிருந்து யார் பேசினாலும் கண்டியில் மழை எப்படி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கோத்தகிரி மழை மாதிரித்தான் என்று சொல்லிவிடுவேன். அது உண்மையில்லை. கோத்தகிரியில் மழை சொல்லிவிட்டு வரும். இங்கே கொடியில் துணி காய்கிற வெயிலிலேயே கொட்டத் தொடங்கிவிடும். துணியை எடுக்க ஓடுவதற்குள் நின்றும்விடும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு எப்போது துணியைக் காயப்போடுவது என்று பிடிபடவில்லை.

கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்து இந்த ஆவணியோடு இருபது வருடம். அதற்காக நாங்கள் பாயசம் வைக்கவில்லை. வதிவிட விசாவை நீட்டிக்கப் போனோம்.

புதிதாக இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவும் அம்மாவும் இந்த மலைகளில் பிறந்தவர்கள். இரண்டு அரசாங்கங்கள் பேசி முடித்ததன் பேரில், பார்த்தேயிராத இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். நான் கோத்தகிரியில் பிறந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'சிலோன்காரப் பொண்ணு' என்று பெயர். கோயம்புத்தூரில் கல்லூரி படிக்கும்போது அங்கே படிக்க வந்திருந்த கண்டிப் பக்கத்துப் புசல்லாவைக்காரர் சிவாவைப் பார்த்தேன். என் பெற்றோரை ஏற்றி அனுப்பிய மண்ணுக்கே மருமகளாக வந்து இறங்கினேன். இங்கே எனக்கு 'இந்தியாக்காரி' என்று பெயர். ஒரே ஆளுக்கு இரண்டு பட்டங்கள், இரண்டும் அடுத்த கரையைக் காட்டுபவை.

சிவா கண்டி டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறார். கட்டுகஸ்தோட்டையில் ஆற்றுக்கு மேலே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்கள் ஒரே மகள் தர்ஷிகாவுக்குப் பதினாறு வயது. நான் நாவல்கள் எழுதுகிறேன், நாடகங்களும் எழுதுகிறேன். நாவல்களை நீங்கள் படிக்கிறீர்கள். நாடகங்களைப் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் பார்க்கிறார்கள். என் மகள் இரண்டையும் தொடுவதில்லை. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆனால் பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயரை வாசிப்பதுபோலத்தான் வாசிப்பாள். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறாள். சிநேகிதிகளோடு சிங்களத்தில் சிரிக்கிறாள்.

இன்னும் ஏன் இந்த நாட்டுக் குடியுரிமை எடுக்கவில்லை என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள். விண்ணப்பிக்க வழியிருக்கிறது. "அடுத்த வருஷம் பாப்போம்" என்று ஒவ்வொரு முறையும் நான்தான் சொல்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியாது. சிவா மறுபேச்சுப் பேசமாட்டார். விசாவுக்கு வேண்டிய போட்டோப் பிரதிகளை எடுத்துக் கொடுப்பார்.

2

விசாவை நீட்டிக்கப் போன அன்று சிவா கடையிலிருந்து நேராக வருவதாக ஏற்பாடு. அவர் வரும்வரை துணைக்கு இருக்கட்டும் என்று தர்ஷிகாவைக் கூட்டிப்போனேன். அலுவலகத்தில் வரிசையாகக் கதிரைகள், நம் ஊர் நாற்காலிகள். எங்களைப்போலவே கல்யாணம் செய்து வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், படிக்க வந்தவர்கள், எல்லோர் மடியிலும் பிளாஸ்டிக் கோப்பு.

சிவா வருவதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி நல்ல மனிதர். என் கோப்பைப் புரட்டிவிட்டு, என்ன வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். சும்மா பேச்சுக் கொடுக்கிற மாதிரி. இங்கிலீஷில் பதில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மகள் நிற்கிறாள், இருபது வருடம் ஆகிவிட்டது, எனக்கும் பாஷை தெரியும் என்று காட்டவேண்டும் என்று ஓர் ஆசை.

சிங்களத்தில் 'இன்ன' என்றால் இருக்க. 'யன்ன' என்றால் போக. எனக்கு இங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல, "மட்ட மெஹே இன்ன ஓனே" என்று வீட்டிலிருந்தே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

"மட்ட யன்ன ஓனே" என்று சத்தமாகச் சொன்னேன். எனக்குப் போக வேண்டும்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "எஹெனங் யன்ன" என்றார். அப்படியானால் போங்கள்.

பின்னாலிருந்த கதிரைகள் முழுக்கச் சிரித்தன. அதிகாரியும் சிரித்தார். என்ன சொன்னேன் என்று புரியாமல் நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். தர்ஷிகா மட்டும் சிரிக்கவில்லை. அதிகாரியிடம் சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னாள். அவர் தலையசைத்து, சிரிப்பு மாறாமலேயே, வேலையை முடித்துக் கொடுத்தார். விசா கிடைத்துவிட்டது.

வெளியே வந்ததும்தான் கேட்டேன்.

"என்னடி சொல்லிட்டேன்?"

"ஒண்ணுமில்லம்மா."

"எல்லாரும் சிரிச்சாங்களே."

"சும்மா சிரிச்சாங்க. வாங்க, அப்பா வந்துட்டாரு."

நான் சொன்னது என்னவென்று வீட்டுக்கு வந்து, அரிசி களையும்போது, எனக்கே உறைத்தது. தனியாக நின்று இன்னொரு தடவை சிரித்தேன். சாப்பாட்டின்போது சிவாவிடமும் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அதோடு அது முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

3

இருபது வருடமாக என் தொழிலே இந்த வழுக்கலில்தான் நடக்கிறது.

கோயம்புத்தூரில் என் புத்தகங்களைப் போடுகிற பதிப்பாசிரியர் தொலைபேசியில் கூப்பிடுவார். "மேடம், 'ரெண்டு பேரும் கதைச்சாங்க'ன்னு எழுதியிருக்கீங்க. கதை சொன்னாங்கன்னு நம்ம ஆளுங்க நெனச்சுக்குவாங்க." பேசினார்கள் என்று மாற்றுவேன். அதே நாவலைக் கண்டியில் படித்த ஓர் ஆசிரியை என்னை டவுனில் நிறுத்திக் கேட்டார்: "ஒங்க ஆளுங்க எல்லாம் இந்தியா சீரியல்ல பேசுற மாதிரி பேசுறாங்களே, ஏன்?" அங்கே நான் சிலோன் தமிழ் எழுதுகிறேன், இங்கே இந்தியத் தமிழ் எழுதுகிறேன். அலுமாரியைப் பீரோ என்று எழுதி, அடித்துவிட்டு அலுமாரி என்று எழுதி, கடைசியில் அந்த அறையிலிருந்தே சாமானை வெளியேற்றிவிட்டு, சட்டையை ஆணியில் மாட்டவைத்த நாட்கள் உண்டு.

நாடகத்தில் அந்தத் தொல்லை குறைவு. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் நாடகம் போடும்போது நான் எழுதியதை நடிப்பவர்கள் வாயிலேயே மாற்றிக்கொள்வார்கள். கொழுந்துப் பையை இறக்கிவைத்துவிட்டு நேராக ஒத்திகைக்கு வருகிற பெண்கள். "இத இப்படிச் சொல்றோம் அக்கா" என்பார்கள், சொல்வார்கள், முடிந்தது.

ஒரு தடவை மட்டும் பெரிய சண்டை. என் நாடகத்தில் ஒரு கங்காணி, மகளுக்கு வந்த கடிதங்களை அவளிடம் கொடுக்காமல் அடுப்பில் போடுகிறவன். அந்தத் தோட்டத்து மண்டபக் கமிட்டியில் இருந்த பெரியவர் ஒருவர் ஒத்திகையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். "இது என்னயத்தான் எழுதியிருக்கு. இந்த சீன எடுத்துருங்க." அவரை நான் அதற்கு முன்பு பார்த்ததுகூட இல்லை. எடுக்கமாட்டேன் என்றேன். அரை நாள் வாதாடினேன். நாடகத்தில் வருகிற ஆள் யாருமில்லை, மேடைக்கு வந்த பிறகு அவன் எல்லோருக்கும் சொந்தம் என்றெல்லாம் பெரிதாகப் பேசினேன். கமிட்டி என் பக்கம் சாய்ந்தது. நாடகம் நடந்தது. பெரியவர் முதல் வரிசையில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார்.

அன்று நான் பேசிய பேச்சு சிவாவுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

4

விசா கிடைத்துச் சில வாரங்கள் கழித்து, தர்ஷிகாவின் பள்ளிக்கூடத்திலிருந்து வரச் சொன்னார்கள். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து, கைக்குக் கிடைத்த சேலையைச் சுற்றிக்கொண்டு போனேன்.

சிங்கள நாடகத்துக்குப் பொறுப்பான நிலந்தி மிஸ் என்னை ஆசிரியர் அறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். நாங்கள் இங்கிலீஷில் பேசினோம்.

பாடசாலைகளுக்கிடையிலான நாடகப் போட்டிக்குத் தர்ஷிகா ஒரு நாடகம் எழுதியிருக்கிறாள் என்றார். நல்ல நாடகம் என்றார். அவள் நாடகம் எழுதுவாள் என்பதே எனக்குச் செய்தி. சிரித்துக்கொண்டு, "ஓ, அதுவா" என்று ஏற்கெனவே தெரிந்ததுபோலச் சொன்னேன்.

"அதில் ஒரு அம்மா வருகிறார். இந்தியாவிலிருந்து கல்யாணமாகி வந்தவர், எழுத்தாளர். விசா அலுவலகத்தில் ஒரு காட்சி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஆனால் வேறு ஆசிரியர்கள் சிலர், வீட்டுக்குத் தெரியுமா, மனம் புண்படாதா என்று கேட்டார்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் அந்தக் காட்சிகளை எடுத்துவிடுவோம். தர்ஷிகாவிடமும் சொல்லிவிட்டேன். அம்மாவின் இஷ்டம் என்று சொன்னாள்."

அந்தக் காட்சிகள் போனால் நாடகத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்டேன்.

மிஸ் கொஞ்சம் யோசித்தார். "ஒன்றுமில்லை" என்றார். "வேறு பிள்ளையின் நாடகத்தைப் போடுவோம்."

பிரதியை வாங்கிக்கொண்டேன். படித்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னேன். வெளியே வந்து ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தாளைப் புரட்டினேன். முழுக்க வட்டம் வட்டமாகச் சிங்கள எழுத்து. கடைப் பலகைகளில் பார்த்துப் பழகிய நாலைந்து எழுத்துகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. என் மகள் என்னை எழுதியிருக்கிறாள், என்னால் அதைப் படிக்க முடியவில்லை. முகம் எரிந்தது. அந்த அலுவலகத்தில் இப்படி எரிந்திருக்க வேண்டியது, ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் தர்ஷிகா டியூஷனுக்குப் போயிருந்த நேரத்தில் சிவாவை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொரு வரியாகப் பார்த்து, தமிழில் சொல்லிக்கொண்டே போனார். அம்மா வேகமாகப் பேசுவாள். அம்மா கடையில் பேரம் பேசும்போது கடைக்காரருக்கும் புரியாது, மகளுக்கும் புரியாது. அம்மா ஒரு நாற்காலியை மூன்று பெயரில் கூப்பிடுவாள். விசா அலுவலகம் வந்தது. 'யன்ன' வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

"அவ்வளவுதான்" என்று சிவா தாள்களை அடுக்கினார்.

"இதுல என்ன நாடகம் இருக்கு? கேலிதானே?"

"சின்னப் புள்ள எழுதினது."

"வேணாம்னு சொல்லப்போறேன்."

சிவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லு. ஒன் இஷ்டம். ஆனா அன்னைக்கி அந்தக் கமிட்டிப் பெரியவர்கிட்ட நீ என்ன சொன்ன? மேடைக்கு வந்துட்டா அவன் எல்லாருக்கும் சொந்தம்னு."

"அந்தப் பெரியவர எனக்குத் தெரியாது. இவளுக்கு என்னயத் தெரியும்."

"அதுவும் சரிதான்" என்றார். எனக்குச் சண்டை போடவும் ஆள் இல்லாமல் போயிற்று.

5

சனிக்கிழமை பகல் வாசல் மணி அடித்தது. பக்கத்து ஊரான மடவளையிலிருந்து ஸஃப்னா வந்திருந்தாள். தர்ஷிகாவோடு படிக்கிறவள், அதற்கு முன்பும் இரண்டொரு தடவை வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளுடைய வாப்பாவுக்கு அங்கே துணிக்கடை. தர்ஷிகா வகுப்புக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி. அதான் இப்ப வந்த. நான் வந்தது அவளுக்குத் தெரிய வாணாம்." செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "நான்தான் ஆன்ட்டி நாடகத்துல நீங்க."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவள் உட்காரவில்லை. "நீங்க வாணாம்னுதான் சொல்லுவீங்கண்டு தர்ஷி சொன்னா. சொல்றதுன்னா சொல்லுங்க. ஆனா ஒருக்கா பாத்துட்டுச் சொல்லுங்க. எனக்குப் பயமாத்தான் ஈக்கி."

"செஞ்சு காட்டு" என்றேன்.

ஸஃப்னா கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பரபரவென்று, தலையை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி.

"தலைய ஆட்டாத. நான் தலைய ஆட்டுறதில்ல."

"ஆட்டுறீங்க ஆன்ட்டி."

"எப்ப?"

"இப்பவும் ஆட்டுனீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் கொஞ்சம் பயம் தெளிந்தது. விசா அலுவலகக் காட்சியை முழுக்கச் செய்தாள். 'யன்ன' என்றாள், சிரித்தாள். நீண்ட, பெரிய சிரிப்பு.

அந்தச் சிரிப்பு தப்பு என்று எனக்குப் பட்டது. மனம் புண்பட்டதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. இருபது வருடம் ஒத்திகை பார்த்த புத்தி முன்னே வந்து நின்றது. "ஸஃப்னா, அவளுக்கு இன்னும் புரியல. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு தெரியாமத்தான் சிரிக்கிறா. மொதல்ல மத்தவங்க மூஞ்சியப் பாரு. பாத்துட்டுச் சிரி. கொஞ்சமா. கேள்வி கேக்குற மாதிரி." அவள் செய்தாள். மறுபடியும் செய்யச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாகச் சிரித்தாள். அந்த அலுவலகத்தில் நின்ற பெண் என் கூடத்தில் நின்றாள். நான் அவளை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

"நல்லா ஈக்கா ஆன்ட்டி?"

"நல்லாயிருக்கு."

"கடைசி எடந்தான் எனக்கு வருதில்ல. மகள் கேக்குறாளே, அப்ப மொகத்த எப்படி வெச்சிக்கிறது? நிலந்தி மிஸ் ஒரு மாதிரிச் சொல்றாங்க, தர்ஷி ஒண்டும் சொல்றாயில்ல."

"என்ன கேக்குறா மகள்?"

ஸஃப்னா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்க வாசிச்சதுதானே. வெளிய வந்ததும் கேக்குறா. 'அம்மாவுக்கு நெசமாவே போக ஆசையா?' எண்டு. அம்மா பதில் சொல்றதில்ல. லைட் ஓஃப்."

தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனேன். சிவா அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை. என் மகள் கேலி செய்யவில்லை. அன்று அலுவலக வாசலில் 'ஒண்ணுமில்லம்மா' என்று சொன்னபோதே அவள் மனதுக்குள் இதைத்தான் கேட்டிருக்கிறாள். எடுக்காத குடியுரிமை, அடுத்த வருஷம் பாப்போம், ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் மாறுகிற என் குரல், இவற்றையெல்லாம் என் வீட்டில் ஒருத்தி கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

தண்ணீரோடு வந்தேன். ஸஃப்னா காத்திருந்தாள். அவளுக்கு நடிப்பதற்கு ஒரு பதில் வேண்டும்.

"மொகத்த ஒண்ணும் செய்யாத" என்றேன். "கைப்பையத் தொறந்து எதையாவது தேடு."

"என்னத்தத் தேடுற?"

"தெரியாது. தேடு. லைட் போற வரைக்கும் தேடு."

சிவா கடையிலிருந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றவிடாமல் கேட்டேன். "கடைசிப் பக்கத்த ஏன் வாசிக்கல?"

அவர் மறுக்கவில்லை. "வாசிச்சா நீ பதில் சொல்லணும்ல கலா" என்றார். "அந்தக் கேள்வி எங்கிட்டயும் இருக்கு. ஒவ்வொரு தடவ விசாவுக்குப் போட்டோப் பிரதி எடுக்கிறப்பவும் இருக்கு. கேக்கத்தான் பயம். புள்ள கேட்டுட்டா."

அவர் தோளில் கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தேன். திங்கட்கிழமை நிலந்தி மிஸ்ஸுக்குத் தொலைபேசியில், எல்லாக் காட்சியும் அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன். தர்ஷிகா பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைப் போட்டுவிட்டு, என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "தேங்க்ஸ்" என்றாள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

6

போட்டி அன்று மண்டபம் நிறைந்திருந்தது. சிவாவும் நானும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். யாரும் என்னைத் திரும்பிப் பார்த்துவிடக்கூடாது என்று முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தேன். பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. சிவா காதில் சொல்ல வந்தார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எழுதியவள் எந்த இடத்தில் கூட்டத்தை நிறுத்துகிறாள், எந்த இடத்தில் அவிழ்த்துவிடுகிறாள் என்பது பாஷை தெரியாமலும் தெரிந்தது. அது எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் வயதில் எனக்கு அது வந்ததில்லை.

'யன்ன' வந்தபோது மண்டபம் வெடித்தது. ஸஃப்னா சுற்றிலும் முகங்களைப் பார்த்தாள், பிறகு கொஞ்சமாகச் சிரித்தாள். கூட்டத்தின் சிரிப்பு அங்கங்கே அறுந்தது. மகளாக நடித்தவள் கேள்வியைக் கேட்டாள். ஸஃப்னா கைப்பையைத் திறந்தாள். தேடினாள். ஒன்றிரண்டு பேர் மறுபடியும் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அவள் தேடிக்கொண்டேயிருந்தாள். விளக்கு அணைந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைதட்டினார்.

மூன்றாம் இடம்தான் கிடைத்தது. சிவா கடைக்குத் திரும்பவேண்டியிருந்தது. மகளும் நானும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கட்டுகஸ்தோட்டை பஸ் ஏறினோம். மழை பிடித்துக்கொண்டது, ஷட்டர்களை இறக்கிவிட்டார்கள். பஸ் நகரவேயில்லை.

"கோவமா?" என்று கேட்டாள்.

"தலைய ஆட்டினதுக்கு மட்டும்."

சிரித்தாள். பிறகு, "கைப்பை நீங்க சொல்லிக் குடுத்ததுதானே. ஸஃப்னா சொல்லிட்டா" என்றாள். "நான் மொதல்ல அந்த எடத்துல பதில் எழுதியிருந்தேன்மா. ஆமான்னு ஒருக்கா எழுதினேன். இல்லன்னு ஒருக்கா எழுதினேன். ரெண்டும் பொய் மாதிரி இருந்துச்சு."

அவள் என்னைப் பார்க்கவில்லை, முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு கஷ்டப்பட்டுக் கேட்டவளுக்கு இனி நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"சில நாள் போகணும்னு இருக்கும்" என்றேன். "காலையில எந்திரிச்சதுமே இருக்கும். அங்க போனா, நாலு நாள்ல இங்க வரணும்னு இருக்கும். என் மனசு அப்படி. ஒரு எடத்துல உக்காராது. அதுக்கு நீயோ அப்பாவோ காரணமில்ல. ஒங்கள விட்டுட்டுப் போக எனக்கு எப்பவும் நெனப்பு வந்ததில்ல."

அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். தெளியவில்லை.

"நீங்க ஆமான்னு சொல்லணும்னு நெனச்சேன்" என்றாள்.

"ஏன்டி?"

"எனக்குப் போகணும்மா. ஏ லெவல் பரீட்சை முடிஞ்சதும் கொழும்புக்கு. நாடகம் படிக்க. நிலந்தி மிஸ்கிட்ட கதைச்சிட்டேன், சிங்களத்துல எழுதினா எனக்கு வரும்னு சொல்றாங்க." இப்போது வேகமாகப் பேசினாள், என்னைப் போலவே. "நீங்க எங்களுக்காகத்தானே இங்க இருக்கீங்க. நானும் போயிட்டா நீங்க இங்க எதுக்கு? ஒங்களுக்கும் போற ஆசை இருந்தா, நான் ஒங்கள விட்டுட்டுப் போற மாதிரி இருக்காதேன்னு..."

கொழும்பா என்று சிரித்துவிட்டேன். கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கினால் சில மணி நேரம். கடல் தாண்டி வந்தவள் நான்.

"சிரிக்காதீங்க" என்றாள்.

நிறுத்திக்கொண்டேன். அவள் சொன்னது சரி, சிரிக்கிற விஷயமில்லை. நான் வந்தது ஒரு தமிழிலிருந்து இன்னொரு தமிழுக்கு. ஒரு மலையிலிருந்து அதேமாதிரியான இன்னொரு மலைக்கு. இவள் போகிற இடத்தில் என் எழுத்து ஒன்றும் கிடையாது. அவள் எழுதப்போகிறவற்றையெல்லாம் நான் இன்றுபோலப் பின்வரிசையில் உட்கார்ந்து, சிரிப்பையும் சத்தமின்மையையும் வைத்துத்தான் வாசிக்கவேண்டும். என் அப்பா அம்மாவை அனுப்பினார்கள். நான் ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் தன் வேலைக்காக, தானே தீர்மானித்துக் கிளம்புகிற முதல் ஆள் இவள்தான். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது.

"நான் இங்க எதுக்குன்னு நான் பாத்துக்குறேன்" என்றேன். "எனக்கு எழுத நெறைய கெடக்கு. அப்பா இருக்காரு. நீ போ."

பஸ் ஆற்றுப் பாலத்துக்கு வந்துவிட்டது. அவள் இன்னும் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதில் என்ன குறை என்று யோசித்தேன். நாங்கள் இறங்குகிற இடம் நெருங்கியதும் எழுந்து, பையைத் தோளில் மாட்டினாள். பிறகும் வழிவிடாமல் அப்படியே நின்றாள்.

"அம்மா, போன்னு மட்டும் சொல்லக்கூடாது" என்றாள். "போயிட்டு வான்னு சொல்லுங்க."

கண்டக்டர் இறங்குங்கள் என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். பின்னாலிருந்தவர்கள் தள்ளத் தொடங்கினார்கள். நான் சொன்னேன். அதன் பிறகுதான் அவள் படியில் இறங்கினாள்.